ஐப்பசிக்குத் திரும்பிய கணினி

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது மகளுக்கு ஏழு மாதம். எங்களுடையது நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகம். நான் அண்ணன், அக்கா என்று கூப்பிடும் மூத்தவர்கள் இருவர் என்னோடு வேலை பார்க்கிறார்கள். தக்கலையில் ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு, நான் பள்ளியில் படித்த காலத்திலேயே அவர்கள் எழுதிக் கொடுத்த புரோகிராம்தான் இன்றும் எங்களுக்குச் சோறு போடுகிறது.

கடைக்காரர் இப்போது எடைச்சீட்டு போனிலும் வர வேண்டும் என்றார். முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாராம். அவர் போனால் அலுவலகத்தை மூட வேண்டியதுதான். எனக்கு அடுத்த வேலை திருவனந்தபுரத்தில்தான் கிடைக்கும். மகள் விழிக்கும் முன் ரயிலேறி, அவள் தூங்கிய பிறகு திரும்ப வேண்டும்.

புரோகிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாக எழுதலாம் என்றேன்.

"ஓடுகதத் தொடப்பிடாது மக்கா," என்றார் அண்ணன்.

"தொட்டு நின்னு போச்சின்னா, பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு நீயா தக்கலைக்கு ஓடுவ?" என்று அக்கா சிரித்தார்.

அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று அன்று முழுவதும் குழம்பினேன். மகளுக்கு ஏத்தன் வாழைக்காய்ப் பொடிக் கூழ் கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டு, வயிறு உப்புகிறதா, உடம்பு தடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். தாய்ப்பாலை நிறுத்தவில்லை. மறுநாள் அலுவலகத்தில், புரோகிராமையும் அப்படியே மாற்றலாம் என்றேன். பழையது ஓடட்டும், எடைச்சீட்டை மட்டும் புதிதாக எழுதிப் பக்கத்தில் ஓடவிடுவோம், இரண்டும் ஒத்துவந்தால் அடுத்த பகுதி. அண்ணன் அரைமனதாகத் தலையாட்டினார். ஈரத்துக்காக எடையைக் கழிக்கும் கணக்கில் மட்டும் கைவைக்கக் கூடாதென்றார்.

மழைக்காலத்தில் ஷீட் சரியாகக் காயாது என்பதால் எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையிலிருந்து ஐப்பசி முடியும்வரை தானாகக் கழியும்படி அண்ணன் எழுதியிருந்தார். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

சீட்டுகள் ஒத்துவந்தன. தை மாதத்தில் ஒருநாள் எதிர்பாராமல் மழை பிடித்தது. பழையது கழித்தது, புதியது கழிக்கவில்லை. கணக்குப்படி தையில் கழியக் கூடாது; ஆனாலும் நான்தான் எதையோ விட்டிருப்பேன் என்று நினைத்தேன். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு தக்கலைக்கு பஸ் ஏறினேன். வழி முழுக்க, எழுதியதை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

கடையில் எடை போடுகிறவர் ஷீட்டைத் தராசில் வைத்தார். பிறகு கணினியின் தேதியை ஐப்பசிக்குக் கொண்டுபோனார். சீட்டு வந்ததும், அதிலிருந்த ஐப்பசித் தேதி மறையும்படி, அன்றைய தேதி வைத்த கடை முத்திரையை அழுத்திக் குத்தினார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"மழ பெய்யுகுல்லா. தேதிய அங்க கொண்டுபோனாத்தான் கழியும். உங்க ஆபீசுல சொல்லித் தந்ததுதானே?"

புதிய புரோகிராம் தேதியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அதை ஐப்பசிக்குத் திருப்ப முடியாது.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, கடையில் கண்டதைச் சொன்னேன். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனியாவது சொல்லித் தொலையும்," என்றார் அக்கா.

"ஒரு வருசம் தையில மழ பிடிச்சிக்கிட்டு," என்றார் அண்ணன். "திருத்த நேரமில்ல. போன்ல தேதிய மாத்தச் சொன்னேன். பொறவு அதுவே பழக்கமாயிட்டு. நீ உள்ள போனா கண்டுபிடிப்பியேன்னு வெக்கமாட்டுல்லா இருந்து."

பயந்தது நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். சீட்டுத் திரையில் 'ஈரம்' என்று ஒரு கட்டம் வைத்தால் போதும், எடை போடுகிறவரே ஷீட்டைத் தொட்டுப் பார்த்து டிக் செய்யட்டும் என்றேன். சொன்னதும், அதிகமாகப் பேசிவிட்டேனோ என்றிருந்தது.

"அத நான் எழுதுகேன்," என்றார் அண்ணன். "பழசுலயும் வைப்போம், புதுசுலயும் வைப்போம். ரெண்டும் ஒத்துவரட்டும்."

ஒத்துவந்தது. போனில் முதல் சீட்டு வந்த அன்று கடைக்காரர் எங்களை விட்டுப் போகமாட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. குடோனில் உள்ள சரக்கு இருப்பும் போனில் தெரியுமா என்று மட்டும் கேட்டார். சரக்கு இருப்பு அக்கா எழுதிய பகுதி. நான் கேட்கத் தயங்கி நின்றபோது அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இரி மக்கா. இதுல என்னெல்லாம் கூத்து பண்ணி வச்சிருக்கேன்னு முதல்லயே சொல்லிருகேன். பொறவு தக்கலைக்கு ஓடாண்டாம்."