கிளெம் நோஸ்கேயின் பதினோரு சனிக்கிழமைகள்

அறுபத்தெட்டாம் வருடம், கராவில் என்ற எங்கள் ஊரின் கால்பந்து அணி முதல் எட்டு ஆட்டங்களிலும் தோற்றது. எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்தில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம்; ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. முந்தைய வருடம் மழை பொய்த்துக் கோதுமை கருகியதில் இளவட்டங்கள் பாதிப்பேர் மெல்போர்னுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில், கோல் கம்பங்களுக்கு முன்னால் கடைசி ஆளாக நின்றவன் கிளெம் நோஸ்கே. தானியக் கிடங்கில் வேலை. ஆறடி மூன்றங்குல உயரம், ஆனால் குரல் வெளியே வராது. எதிராளியை முட்டித் தள்ளிவிட்டு அவனிடமே மன்னிப்புக் கேட்பான்.

என் பெயர் வெர்ன். ஊரில் கசாப்புக் கடை வைத்திருந்தேன். ஆட்டத்தில் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. தைலம், கட்டுத் துணி, மயங்கியவன் மூக்கில் காட்டும் உப்பு, இவ்வளவுதான் என் வைத்தியம்.

எட்டாவது ஆட்டத்தில் பக்கத்து ஊரான டல்லோராவின் அணிக்காரன் ஒருவன் கிளெம்மின் தலைக்கு மேலேயே பதினெட்டு கோல் போட்டான். மைதானத்தைச் சுற்றி கார்களில் உட்கார்ந்திருந்த எங்கள் ஊர்க்காரர்களே ஒவ்வொரு கோலுக்கும் ஹாரன் அடித்தார்கள். மறுநாள் காலை கிளெம் வீட்டு கேட்டில் வெள்ளைப் பெயிண்டில் 18 என்று எழுதியிருந்தது. தேவாலயத்துக்குக் கிளம்புமுன் அவனே மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தான். பேக்கரியில் ரொட்டி கேட்டால், பதினெட்டா வேண்டும் என்றார்கள். மூத்த மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்ததாக அவன் மனைவி ஏவிஸ் என் கடையில் சொன்னாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னும் ஒன்று தோற்றால் எங்களை டல்லோராவோடு சேர்த்துவிடுவதாகப் போட்டி நடத்தும் சங்கம் கடிதம் போட்டது. பயிற்சியாளர் ராய்ஸ் டக்கட் அதை எல்லோருக்கும் முன்னால் வாசித்தார். வாசித்துவிட்டு கிளெம்மை எழுந்து நிற்கச் சொன்னார்.

"உன்னால ஒருத்தனையும் தடுக்க முடியல. குறுக்க விழவாவது தெரியுமா?"

கிளெம் தெரியும் என்றான்.

ராய்ஸ் அவனைக் கொஞ்சம் முன்னே தள்ளி நிறுத்தினார். தலைக்கு மேல் பந்து போனால், அதை மட்டும் அண்ணாந்து பார்த்தபடி பின்னால் ஓட வேண்டும். எதிரே எவன் முழு வேகத்தில் வருகிறான் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. எங்கள் ஆட்டத்தில் இதைவிட ஆபத்தான வேலை கிடையாது. பயந்தவன் கடைசி நொடியில் தலையைத் திருப்பிவிடுவான். கிளெம் திருப்பவில்லை. ஒன்பதாவது ஆட்டத்தில் அப்படி ஓடிப் பந்தைப் பிடித்தான். எதிரே வந்தவனின் முழங்கால் காதுக்கு மேல் இறங்கியது. மயங்கி விழுந்தபோதும் பந்து நெஞ்சில் இருந்தது. நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

உப்பைக் காட்டி எழுப்பினேன். இன்று என்ன கிழமை என்று கேட்டேன். சனி என்றான். சரியாகச் சொன்னதால் உள்ளே அனுப்பினேன். நாங்கள் ஆடுவதே சனிக்கிழமைகளில் மட்டும்தான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை என்று பல வருடம் சொல்லிவந்தேன். உறைத்தது.

அதன்பின் தோற்கவே இல்லை. வரிசையாக எட்டு வெற்றி; பட்டியலில் நாலாவது, தகுதி ஆட்டங்களுக்குப் போகும் கடைசி இடம். பேக்கரியில் அவனுக்கு ரொட்டி சும்மா கிடைத்தது. கேட்டில் பெயிண்ட் அடித்தவர்களே பீர் வாங்கிக் கொடுத்தார்கள். மொத்தம் ஐந்து முறை மயங்கினான். திங்கட்கிழமைகளில் கிடங்கு வெளிச்சம் கண்ணைக் குத்துவதாகச் சொல்லித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வான். ஊரே தன்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது அவனுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று முகத்திலேயே தெரியும்.

இரண்டு தகுதி ஆட்டங்களையும் தாண்டி, இறுதி ஆட்டத்தில் டல்லோராவையே எதிர்கொண்டோம். இடைவேளைக்குச் சற்று முன் கிளெம்மின் தலை இன்னொருவன் தோளில் மோதியது. எழுந்தவன் பந்தை எங்கள் கம்பத்தை நோக்கியே உதைத்தான். இடைவேளையில் ஏவிஸ் உடைமாற்றும் அறைக்கே வந்துவிட்டாள். கதவருகே நான் நின்றிருந்தேன்.

"வெர்ன், கிளெம்மை வெளிய அனுப்பு. எந்தப் பக்கம் உதைக்கணும்னே அவருக்குத் தெரியல."

"உள்ள ஆம்பளைங்க துணி மாத்துறாங்க, ஏவிஸ்."

"நான் பாக்காத உடம்பா? தள்ளு."

உள்ளே யாரோ சிரித்தார்கள். ராய்ஸ் திரும்பாமலே கேட்டார், "ஆள் நிக்கிறானா?"

"நிக்கிறான்."

"அப்ப ஆடுவான். கதவச் சாத்து."

சாத்தினேன். கதவுச் சட்டத்தில் வைத்திருந்த விரல்களை அவள் இழுத்துக்கொள்ளும்வரை பொறுத்துத்தான் சாத்தினேன். அதைத்தான் நான் செய்த நல்ல காரியம் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். டல்லோராவின் உதை கிளெம்மின் தலைக்கு மேலே போனது. அவன் பின்னால் ஓடினான். இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்கள். பந்தை அவன் விடவில்லை. ஆட்டம் முடியும் மணி அடித்தது. கோப்பையோடு சேர்த்து அவனையும் தோளில் தூக்கினார்கள். அன்றிரவு மதுக்கடையில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஆட்டம் எத்தன மணிக்கு?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த வருடம் பந்து அவன் கையில் நிற்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் மறுபடி ஹாரன் கேட்டது. ராய்ஸ் அவனை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போட்டார். கிடங்கில் பார்லியைக் கோதுமைக்குள் திறந்துவிட்டு வேலையை இழந்தான். ஈயைக்கூட அடிக்காதவன் ஏவிஸைச் சுவரோடு சேர்த்து அறைந்தான். அறைந்தது மறுநாள் அவனுக்கு நினைவில்லை. அவள் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஹார்ஷம் போய்விட்டாள்.

போகுமுன் கடைக்கு வந்தாள். இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் அவன் எப்படி இருந்தான் என்று டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். ராய்ஸ் அதற்குள் என்னிடம் பேசியிருந்தார். கூட்டத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றேன்.

"நீதான் அவர் கண்ணத் திறந்து பாத்த," என்றாள்.

நான் அவள் கேட்ட ஆட்டுக்கறியைப் பொட்டலம் கட்டினேன். எடுக்காமல் போனாள்.

கிளெம் நாற்பத்தொன்பதாவது வயதில் பாலரட்டில் ஒரு காப்பகத்தில் இறந்தான். கடைசி ஆறு வருடம் ஸ்பூனைப் பிடிக்கவும் இன்னொருவர் வேண்டியிருந்தது. அடக்கத்துக்கு அணி முழுவதும் பஸ் பிடித்துப் போனோம். ஏவிஸ் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கை குலுக்கினாள். ராய்ஸுக்கும் கை கொடுத்தாள். என் முறை வந்தபோது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்றவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.