நாத்தனாரின் உடம்புச் சூடு

ஆபரேஷன் தியேட்டரில் எத்தனையோ வருஷம் வேலை பார்த்தும் அந்த நர்ஸுக்குப் பயம் விட்டபாடில்லை. கத்தியோ ரத்தமோ அவளை ஒன்றும் செய்யாது. நோயாளியின் உடம்பு குளிர்ந்துபோவதுதான் அவளுக்குப் பயம். மயக்கத்தில் இருப்பவர்களுக்கு நடுக்கம் வராது, குளிருதென்று சொல்லவும் வழியில்லை. சூடு சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே போகும். அதனால் யார் வந்து படுத்தாலும் முதல் வேலையாகத் தலையையும் காலையும் மூடிவிடுவாள். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த ‘போர்வைக்காரி’ என்ற பட்டப்பெயர் வீடு வரைக்கும் வந்துவிட்டது.

அதைச் சொல்லிச் சொல்லிச் சீண்டியவள் நாத்தனார். ஏதோ ஒரு வாய்த்தகராறு முற்றி, வெகுநாளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த நாத்தனாருக்குத்தான் கர்ப்பப்பையில் பெரிய கட்டி. சின்ன ஆஸ்பத்திரி அது; தியேட்டர் நர்ஸ் என்றால் இவள் ஒருத்திதான்.

“பழி வாங்கிடாதீங்க அண்ணி,” என்று மேஜையில் படுத்தபடி நாத்தனார் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

“பேசாம படு. நான் எங்கேயும் போகல.”

கட்டி குடலோடு ஒட்டிக்கிடந்தது. ஆபரேஷன் இழுத்துக்கொண்டே போனது. நடுவில், சூடான காற்றை ஊதிப் போர்வையை நிரப்பும் மிஷின் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. ஸ்விட்சைத் தட்டினாள், வயரைப் பிடுங்கிச் சொருகினாள். அது அசையவில்லை.

“உடம்புச் சூடு முப்பத்தஞ்சு டிகிரிக்குக் கீழ இறங்குது,” என்றார் மயக்க டாக்டர்.

“இங்க ரத்தம் உறையவே மாட்டேங்குது, தண்ணி மாதிரி ஓடுது,” என்றார் சர்ஜன்.

அது எதனால் என்று அவளுக்குத் தெரியும். குளிர்ந்தால் ரத்தம் உறையாது. ரத்தம் போகப் போக உடம்பு இன்னும் குளிரும். வெளியே பெஞ்சில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். தங்கை பிழைக்காவிட்டால் அவன் ஒன்றும் கேட்கமாட்டான். ஆனால் சாகும்வரை மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பான்.

“ஏசியை நிறுத்தும்மா!” மயக்க டாக்டரின் குரல் அவளை உலுக்கியது. “சலைன், ரத்தம் எல்லாம் சூடு பண்ணித்தான் ஏத்தணும்.”

ஓடினாள். நாத்தனாரின் கைகால்களைப் பஞ்சால் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினாள். தொட்ட பாதம் ஐஸாக இருந்தது. அறை புழுங்கியது. சர்ஜனின் நெற்றியைத் துடைக்கத் துடைக்க வேர்வை வழிந்தது. மானிட்டரில் எண் இன்னும் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றது. வெகுநேரம் கழித்து ஒரு புள்ளி ஏறியது. பிறகு இன்னொன்று.

“உறையுது,” என்றார் சர்ஜன்.

மயக்கம் தெளிகிற அறையில் நாத்தனாருக்குக் கட்டிலே ஆடும்படி நடுக்கம் எடுத்தது. பல் தந்தியடித்தது. எட்டிப் பார்த்த கணவன் அலறிவிட்டான்.

“என்னடி ஆச்சு அவளுக்கு?”

“கத்தாதீங்க. உடம்புக்கு இப்பதான் நினைப்பு வந்திருக்கு. அதான் நடுங்குது.”

சொல்லிவிட்டுப் போர்வைமேல் போர்வையாகப் போட்டாள். நடுக்கம் அடங்கி நாத்தனார் தூங்கிய பிறகுதான் உடை மாற்றும் அறைக்குப் போனாள். மயக்க டாக்டர் டீ டம்ளரை நீட்டினார். அவள் அதை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

“மிஷின் ரிப்பேராகற வரைக்கும் பெரிய ஆபரேஷன் எதுவும் வேண்டாம் டாக்டர்.”

“நானும் சர்ஜன்கிட்ட அதைத்தான் சொல்லிட்டு வரேன்,” என்றார் அவர்.