ஒரு கால் மட்டும் வீங்கியபோது

என் அப்பாவுக்குப் பல வருடங்களாக மூச்சிழுப்பு. அரிசி மில் தூசியும் பீடியும் தந்த வியாதி. போன மழைக்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தவர், எழுந்ததுமே வேண்டுதல் என்று பௌர்ணமி கிரிவலம் போய், வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து மலையைச் சுற்றி வந்தார்.

மறுநாள் இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது.

"வெறுங்கால்ல அவ்ளோ தூரம் நடந்தா வீங்காதா?" என்று அம்மா வெந்நீர் ஊற்றினாள்.

"ஆமா, என் காலு என்ன லாரி டயரா?" என்று அப்பா சிரித்தார்.

அடுத்த நாளே திடீரென்று மூச்சு முட்டியது. தெரு டாக்டர் வழக்கமான இழுப்பு ஊசியைப் போட்டார். எப்போதும் கேட்கிற ஊசி, அன்று கேட்கவில்லை. காலைப் பற்றி அவரிடம் யாருமே சொல்லவில்லை. இழுப்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

வாடகைக் காரில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டர் வேட்டியை விலக்கிப் பார்த்தார்.

"கால் எப்பலேர்ந்து இப்படி?"

"மலை சுத்தினதுலேர்ந்துங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு காலுந்தானேம்மா நடந்துச்சு? ஒண்ணு மட்டும் ஏன் வீங்குது?"

மழைக்காலம் முழுக்க அசையாமல் படுத்துக் கிடந்ததில் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கும் என்றார். மருந்து ஏற்றத் தொடங்கும்போதே அப்பா போய்விட்டார்.

இப்போது தெருவில் யாருக்கு இழுப்பு ஜாஸ்தியானாலும் ஓடிப்போய் இரண்டு கால்களையும் பார்க்கிறேன். ஒன்று மட்டும் வீங்கியிருந்தால் டாக்டரிடம் முதலில் அதைத்தான் சொல்கிறேன். "டாக்டர் வந்துட்டாருடா, காலைக் காட்டு" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

அம்மாவுக்குத்தான் எதையும் விளக்க முடியவில்லை. "சாமியைச் சுத்திட்டு வந்த மனுசனுக்கு ஏண்டா இப்படி?" என்று தினமும் கேட்கிறாள்.