மலைக்கு நான் ஒதுக்காத நாட்கள்

நேபாளத்தில் மலையேற ஆசைப்பட்டு, அங்குள்ள வழிகாட்டியோடு போனில் திட்டம் போட்டேன். அவர் இரண்டு நாட்களைக் காலியாக விட்டிருந்தார். "எதுக்கு வெட்டியா உட்காரணும்? எடுத்துடுங்க" என்று சண்டை போட்டேன்.

எங்கள் தீவிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் கிளம்பும் நேரத்தில் கடல் கொந்தளித்தது. "மௌசம் கராப் அண்ணா, வானிலை சரியில்ல, இன்னிக்கும் ஷிப் கேன்சல்" என்றார் எங்கள் தீவின் ஹட் பே ஜெட்டி ஊழியர். கப்பலை நம்பாமல் நான் கூடுதலாக வைத்திருந்த நாட்களும் தீர்ந்தன. போர்ட் பிளேரில் பிடிக்க வேண்டிய விமானம் போயே போச்சு. எரிச்சலில் வழிகாட்டியை அழைத்து, பயணமே வேண்டாம் என்று இந்தியில் கத்தினேன்.

"அந்த ரெண்டு நாளை நான் எடுக்கவே இல்ல, பாய்" என்றார் அவர். "இங்கயும் மேகம் இறங்கினா மலைக்குப் போற குட்டி விமானம் பறக்காது, அதுக்குத்தான் அந்த நாளை வெச்சேன்; இப்ப உங்களுக்கு உதவும். அடுத்த கப்பல்ல வாங்க."

என் கடலுக்கு நாள் ஒதுக்கத் தெரிந்த எனக்கு, அவருடைய மலைக்கு ஒதுக்க மனம் வரவில்லையே!