நேப்பிள்ஸுக்கு அடியில் என்ன இருக்கிறது?

இன்று அமெரிக்காவின் சான் ஹோசேயில், நண்பர் வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக். வழக்கம்போல ஆண்கள் டிவி முன்னால், பெண்கள் கிச்சனில்.

நான் ஹாலுக்குப் போய், ரெக்கார்ட் செய்து வைத்திருந்த கேசட்டைப் போட்டேன். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும் ரோமானியச் சந்தையைப் பற்றிய டாக்குமெண்டரி.

கேமரா படியிறங்கும்போதே ஓர் அங்கிள் கையை நீட்டினார்.

"இடிஞ்ச சுவரெல்லாம் நமக்கெதுக்கும்மா? ரிமோட்டைக் குடு, மேட்ச் டேப் போடணும்."

"அந்த மேட்ச்ல யார் ஜெயிச்சாங்கன்னு போன வாரமே தெரியும், அங்கிள். இங்க கீழ என்ன இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?"

ரிமோட்டைக் கொடுக்கவில்லை. கிச்சனிலிருந்த பெண்கள் எல்லாரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அங்கிள் பதறினார். "அடுப்புல சாம்பார் இருக்கேம்மா, யாரு பாக்கறது?"

யாரும் திரும்பவில்லை.

ரோம் நகரத்துக்கு அடியில் இருப்பதைக் காட்டும் கேசட்டும் என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை எங்கள் வீட்டிலேயே போடுகிறேன். சாம்பார் வைக்கப்போகிற அங்கிள் யாரென்று மட்டும் சொல்லுங்கள்.