கோலமாவு வீடு

மலைக்கோட்டைப் பாறை வருசத்துக்கு ஒரு விரற்கடை கிழக்கே நகர்கிறது என்று ஒருகாலத்தில் நான் சொன்னதை நம்பி, சுண்ணாம்பில் கோடு போட்டு அளந்து பார்த்தவர்கள் திண்டுக்கல்லில் இன்னும் இருக்கிறார்கள். அது பொய். இப்போது சொல்லப்போவது பொய் இல்லை. என் மனைவி ஆனந்தமேரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லும் எதையும் ஒப்புக்கொள்ளாதவள், இதை மட்டும் ஒப்புக்கொள்வாள்.

2000-ஆம் வருசம், சித்திரை மாதம். மூடிக்கிடந்த ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் பின்பக்கம் புறம்போக்கில் நாங்கள் குடியிருந்தோம். எந்த நிமிசமும் காலி பண்ணச் சொல்லலாம் என்ற பயத்திலேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கட்டியும் கொடுத்துவிட்டோம். அந்த வருசம்தான் எங்கள் தெருவைச் சீரமைக்க ஒரு திட்டம் வந்தது. சாக்கடை, குழாய், சிமெண்ட் ரோடு. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்கு வீடு பட்டா.

தொண்டு நிறுவனத்திலிருந்து சுகன்யா என்ற பெண் வந்து எங்களைக் கூட்டினாள். திட்டத்தை அதிகாரிகள் போடமாட்டார்களாம், தெருக்காரர்களே போட வேண்டுமாம். பால்வாடிக் கட்டடத்தின் சிமெண்ட் தரையில் கோலமாவால் எங்கள் தெருவை வரையச் சொன்னாள். அவரவர் வீட்டை அவரவர்தான் போட வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை புளியங்கொட்டையை உள்ளே வைக்க வேண்டும். அடுத்தவர் வீட்டில் யாரும் கை வைக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து படத்தைப் பார்ப்பார், பிறகு தெருவைப் பார்ப்பார். படத்தில் இருக்கிற வீடு தரையில் இல்லை என்றால் மொத்தத் திட்டமும் வேறு தெருவுக்குப் போய்விடும் என்று எச்சரித்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் வரைந்து முடித்தோம். எழுந்து நின்று பார்த்தால், ஜெய்தூன் பீவி வீட்டுக்கு அடுத்து ஒரு வீடு இருந்தது. அங்கே வீடே கிடையாது. கருவேல முள் மண்டிய காலி மனை. ஆனால் படத்தில் அழகாக நாலு சுவர், ஒரு வாசல், உள்ளே புளியங்கொட்டைகள்.

எல்லாரும் அருளப்பனைத்தான் பார்த்தோம். அவன் ஏற்கனவே ஆட்டுக்கொட்டகையைத் தன் மகன் வீடு என்று போட்டிருந்தான்.

"மாதா மேல சத்தியமா நான் போடல," என்றான்.

"ஒங்க மாதாவுக்கு வேற சோலியே இல்ல, பாவம்," என்றாள் ஜெய்தூன் பீவி.

அந்த வீட்டைத் துடைத்தோம். பால்வாடிக் கதவுக்கு என் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் திறந்தால், வீடு அதே இடத்தில்.

இந்த முறை கோலமாவு ஈரமாக இருந்தது. புளியங்கொட்டைகளும் ஈரம். சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கிறது. அந்த மூலையில் மட்டும் நனைந்த மண்சுவர் வாடை.

நான் அப்போதும் பேயை நினைக்கவில்லை. பட்டாவுக்கு ஆசைப்பட்ட ஆளைத்தான் நினைத்தேன். பூட்டு செய்கிற ஊரில் கள்ளச்சாவிக்கா பஞ்சம்? மறுபடியும் துடைத்துவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து அருளப்பனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். புளியங்கொட்டைப் பையையும் என் மடியில் வைத்துக்கொண்டேன். கொட்டை இல்லாமல் எப்படிக் குடும்பம் வைப்பான்?

ஏழு மணி இருக்கும். அருளப்பனே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"நீதான் போடுறன்னு எனக்குத் தெரியும் சூசை. புடிக்கத்தான் வந்திருக்கேன்," என்றான்.

கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தான். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். படத்தை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

ஏழே முக்காலுக்குக் கரண்ட் போனது.

இருட்டு. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தரையில் மாவு விழும் சத்தம்... சர்ர்ர்...

"ஏலே, கைய எடு," என்றேன்.

"நான் எங்க வச்சேன்? நீ எடு."

தடவிப் போய் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். இறுக்கமாகத்தான் பிடித்தேன்.

சர்ர்ர்...

நிற்கவில்லை.

அருளப்பன் மாதாவைக் கூப்பிட்டான். அல்லது நான்.

மண் வாடை கிட்டத்தில் வந்தது. மூச்சுக்கு மூச்சு... இன்னும் கிட்டத்தில்.

சத்தம் நின்றது.

என் மடியில் இருந்த பைக்குள்... ஒரு கை நுழைந்தது.

சின்னக் கை. குளிர்ந்திருந்தது.

அருளப்பனின் இரண்டு கைகளும் என் பிடியில்தான் இருந்தன.

அது அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கியது.

டக்.

டக்...

கரண்ட் வந்தபோது தரையில் அந்த வீடு இருந்தது. என் வேட்டியில் ஈரச் சேறு.

எப்படி வெளியே வந்தோம் என்று எனக்கு நினைவில்லை. யார் முதலில் ஓடியது என்பதில் எனக்கும் அருளப்பனுக்கும் இன்றுவரை தகராறு.

விடிந்ததும் ஆள் சேர்த்துப் போய்த் துடைத்துவிடலாம் என்றுதான் இருந்தோம். பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி, வெயிலுக்குப் பயந்து ஏழரைக்கே வந்துவிட்டார். நாங்கள் போவதற்குள் படத்தைப் பார்த்து முடித்திருந்தார். கூட யாரும் வரக்கூடாது, வந்தால் ஆளுக்கொன்றாகக் காட்டி ஏமாற்றுவீர்கள் என்று சொல்லிவிட்டுத் தனியாகத் தெருவுக்குள் நடந்தார்.

நாங்கள் பால்வாடி வாசலில் நின்றோம். ஆனந்தமேரி என்னைப் பார்க்கவே இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எங்கள் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரைமணி நேரம் கழித்து அதிகாரி வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றார்.

சுகன்யா மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள், எல்லா வீடுமா சார் என்று.

"எல்லா வீடும்தான். அந்த முள்ளுக்கு நடுவுல இருக்குற வீட்டுல ஒரு அம்மா தண்ணி குடுத்தாங்க. பாவம், பிள்ளைங்க எல்லாம் சேறும் சகதியுமா நிக்குதுங்க. மொத சாக்கடைய அந்தப் பக்கம் போடுங்க."

எங்களுக்குப் பட்டா வந்தது. குழாய் வந்தது. படத்தில் உள்ளபடி அந்தக் காலி மனைக்கும் ஒரு குழாய் வைத்துவிட்டுப் போனார்கள். அதை யாரும் திறப்பதில்லை. அடியில் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கிறது. குழாய் வாசர் தேய்ந்து ஒழுகுகிறது என்கிறான் அருளப்பன். மாற்றிப் பார்க்க அவனும் போகவில்லை.

நாலு வருசம் கழித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் அப்துல் வாஹித் பாயைச் சந்தித்தேன். எங்களுக்கெல்லாம் முன்னாடி அந்தத் தெருவில் இருந்தவர். தோல் ஷாப் மூடியதும் கிளம்பிப் போனவர். பேச்சோடு பேச்சாக அந்தக் காலி மனையைப் பற்றிக் கேட்டேன்.

கையில் எடுத்த சோற்றைக் கீழே வைத்தார்.

ஒரு ஐப்பசி மழையில் அங்கே இருந்த வீடு இடிந்து, உள்ளே இருந்த குடும்பத்தின்மேல் விழுந்ததாம். மறுநாளே நகராட்சி ஆட்கள் வந்து, இதில் யாராவது இருந்தார்களா என்று கேட்டார்களாம். ஆள் செத்தது தெரிந்தால் புறம்போக்கென்று சொல்லித் தெருவையே காலி பண்ணிவிடுவார்கள் என்று பயம். யாரும் இல்லை, சும்மா கிடந்த குடிசை என்று தெருக்காரர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதனால் யாரும் தோண்டவில்லை.

"விழுந்த உடனே போய்ச் சேந்துட்டாகளா பாய்?" என்றேன்.

வாஹித் பாய் இலையை மடித்தார்.

"ரெண்டு நாள் கூப்புட்டுக்கிட்டு இருந்தாக," என்றார். "ஒருத்தன் மட்டும் எடுத்த முடிவு இல்லப்பா. தெருவே உக்காந்து பேசித்தான் சொன்னோம்."