ஸ்பெயினிலிருந்து வரவேண்டிய அனுமதி

ஒரு நாவலை மொழிபெயர்த்து அச்சிட, எழுதியவரின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். எத்தனை நாளில் அதைத் தர வேண்டும் என்பதற்கு மட்டும் விதி கிடையாது. இன்று மெக்கானிக் கடையில் மண்ணெண்ணெய் வாடை அடித்ததும் பாளையங்கோட்டை அச்சகம் நினைவுக்கு வந்தது. அங்கே ஈய எழுத்துகளை மண்ணெண்ணெயில்தான் கழுவுவார்கள்.

அம்மா பள்ளி ஆசிரியை; நாவல் எழுதித் தானே பதிப்பித்தவள். ஸ்பெயினில் அதேபோல நாவல் எழுதித் தானே பதிப்பித்துவந்த ஒரு பெண்மணியின் நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கியிருந்தாள். முதல் பக்கங்களை அச்சுக் கோத்து முடித்தும், கடிதம் எழுதிக் கேட்ட அனுமதி வரவில்லை. மார்கழி கடைசி நாளும் வந்துவிட்டது.

"டீச்சர், நாளைக்குத் தை பொறந்துட்டா கல்யாணப் பத்திரிகை குவியும். எழுத்து பூரா உங்க பக்கத்துல மாட்டிக் கெடக்கு. அடிச்சிருவோம். அந்தம்மா என்ன, பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறியா வரப் போவுது?" என்றார் அச்சக அண்ணாச்சி.

"என் கதைய ஒருத்தன் கேக்காம அடிச்சப்போ அவன் வீட்டு வாசல்ல போய்ச் சண்டை போட்டவ நான். பிரிச்சிருங்க அண்ணாச்சி."

அவருக்குக் கை வரவில்லை. கோத்த எழுத்துகளைச் சேர்த்துக் கட்டியிருந்த நூலை அம்மாவே அவிழ்த்தாள். எழுத்துகள் அறைப்பெட்டிகளில் விழும் சத்தம் சாயங்காலம்வரை கேட்டது. தெருவில் மணி அடித்த ஒவ்வொரு சைக்கிளையும் தபால்காரர் என்று எட்டிப் பார்த்தேன்.

தாராளமாக வெளியிடலாம் என்ற பதில் வந்து சேர்ந்தது, தை ஐந்தாம் தேதி.